தோற்பந்தும் ஆசிரியர் கைக்கோலும்

தமிழிலக்கியத்திற் பந்து என்பது பெரும்பாலும் கையோடு சேர்த்துச் சொல்லப்படும் பொருள். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வரும் கந்துகவரி, மகளிர் பந்தடித்துப் பாடும் பாட்டாக அமைந்தது. கழங்கு, ஊசல், பாவை என்பவற்றோடு பந்தும் மகளிர் விளையாட்டுக்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. இருபத்திரண்டு ஆடவர் இரு கூறாய் நின்று, தோலாலான பெரிய பந்தொன்றைக் காலால் உதைத்து, எதிரியின் கம்பங்களுக்கிடையே செலுத்தும் ஆட்டம் 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரோடு வந்தது. தமிழகத்தார் அதனைக் கால்பந்து என்றனர். ஈழத்தார் உதைபந்து என்றனர். முன்னையது உறுப்பை நோக்கிய பெயர்; பின்னையது செயலை நோக்கிய பெயர். ஆட்டத்தைக் கண்ணாற் கண்டவர் இட்ட பெயர் பின்னையதே என்று கொள்வதற்கு இடமுண்டு.

ஆட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் வெற்றி தோல்விகளையும் சிறந்த ஆட்டக்காரர் பெயர்களையும் விரித்துரைப்பர். ஆட்டத்தைக் கற்பித்தவர் யார், எவ்வழியாற் கற்பித்தார் என்பது அவ்வரலாறுகளில் ஓரிரு வரிகளுள் அடங்கிவிடும். பாடசாலைகளைப் பொறுத்த வரையில் இது பெருங்குறை. கல்லூரி அணி ஆண்டுதோறும் மாறுவது. இவ்வாண்டு ஆடிய பதினொருவருட் பலர் அடுத்த ஆண்டில் வெளியேறிவிடுவர். நிலைத்து நிற்பவர் பயிற்றும் ஆசிரியர் ஒருவரே. அவர் மாறும்பொழுது அணியின் இயல்பே மாறுகின்றது. ஆகவே, புதிய பயிற்றாசிரியர் ஒருவர் பொறுப்பேற்ற முதற் பருவத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை ஆராய்வது, ஆட்டத்தின் வரலாறு மாத்திரமன்றிக் கல்வியின் வரலாறுமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பாடசாலைகளும் இவ்விளையாட்டுக்களும் ஒருங்கே வளர்ந்தன. அமெரிக்க மிஷனார் 1816 இல் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். அது 1855 இல் மூடப்பட, 1872 இல் அவ்விடத்தே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சேர்ச் மிஷனாரின் பரி. யோவான் கல்லூரியும், வெஸ்லியன் மிஷனாரின் மத்திய கல்லூரியும் 1904 ஆம் ஆண்டு முதல் துடுப்பாட்டத்தில் எதிர்த்து நின்றமை குடாநாடு முழுவதும் அறிந்த செய்தி. கத்தோலிக்கரின் பரி. பத்திரிசியார் கல்லூரி உதைபந்தாட்டத்திற் பேர்பெற்றது. இவற்றுக்கு மாற்றாக எழுந்தவையே சைவப் பாடசாலைகள். ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி சைவபரிபாலன சபையின் பொறுப்பில் வந்தது. 1910 இற் பாவலர் துரையப்பாபிள்ளை தெல்லிப்பழையில் மகாஜனக் கல்லூரியை நிறுவினார்.

இச் சைவப் பாடசாலைகள் பாதிரிமாரின் சமயத்தை விலக்கின. அவர்தம் பாடத்திட்டத்தை விலக்கவில்லை. பரீட்சைகளையும் பரிசளிப்பு விழாவையும் மாணவர் விடுதியையும் ஏற்றதுபோலவே விளையாட்டு மைதானத்தையும் ஏற்றன. மணியடித்து வகுப்பு முடிந்தபின், நெற்றியில் நீறணிந்த மாணாக்கர் தோற்பந்தை உதைக்கச் சென்றனர். இன்று இதில் வியப்பொன்றும் தோன்றாது. ஆயின், ஏறக்குறைய அதே காலத்தில், பாரத நாட்டின் வடகோடியில் ஓர் இந்து மாணாக்கர் கூட்டத்துக்கு அதே தோற்பந்து எத்தகைய பொருளாய்த் தோன்றிற்று என்பதை அறிந்தால், யாழ்ப்பாணத்து நிகழ்ச்சியும் அத்துணை எளியதன்று என்பது புலப்படும்.

காஷ்மீரத்துச் சிறீநகரிற் சேர்ச் மிஷன் சங்கத்தார் நடாத்திய பாடசாலைக்கு 1890 ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இளம் பாதிரியார் வந்து சேர்ந்தார். செசில் ஏள் டின்டேல் பிஸ்கோ என்பது அவர் பெயர். அவர் பிறந்த 1863 ஆம் ஆண்டே இங்கிலாந்தில் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்த ஆண்டு என்பது தற்செயலான ஒற்றுமை. கேம்பிரிட்ஜிற் பயின்று, 1884 இல் ஒக்ஸ்போர்ட்டுக்கு எதிரான படகோட்டப் போட்டியிற் கேம்பிரிட்ஜ்ப் படகின் சுக்கான் பிடித்தவர் அவர். உருவிற் சிறியர், சுக்கான் பிடிப்பவர்க்கு அது நன்மையே. படகிலிருந்து துடுப்பு வலியாது, வலிப்பவரை ஆணையிட்டு நடாத்துவது அவர் பணி. காஷ்மீரத்தில் அவர் செய்ததும் பெரும்பாலும் இதுவேயாம்.

பாடசாலை மாணாக்கரிற் பெரும்பாலார் பிராமணர், அஃதாவது பண்டிதர் குலத்தினர். பேரன் எனப்படும் நீண்ட அங்கியும், காலில் மரக்கட்டை மிதியடியும், நெற்றியில் திலகமும், குளிர்காலத்தில் அங்கியினுள்ளே தீச்சட்டியும் அவர்தம் கோலம். சிலர் தாடி வளர்ந்தவர், சிலர் மணமானவர். அரசாங்கத்தில் எழுத்துத் தொழில் பெறுவதே அவர்கள் படிப்பின் நோக்கம். ஓடுதல், தாண்டுதல், துடுப்பு வலித்தல் முதலியன உடலுழைப்பாளிக்கு உரியன என்பது அவர்கள் கருத்து. நல்ல குலத்தவன் நிதானமாய் நடப்பவன், விரைந்தோடுவது மதிப்புக்குறைவு. குடாநாட்டிலும் அக்காலத்துப் பெரியோர் பலர் இதே கருத்தினராய் இருந்திருப்பர் என்று ஊகிப்பதில் தவறில்லை.

1891 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், புதுமணம் புரிந்து மனைவியோடு சிறீநகர் மீண்ட பிஸ்கோ, தோற்பந்து ஒன்றையும் உடன் கொணர்ந்தார். காஷ்மீரத்தார் அத்தகைய பந்தைக் கண்டது அதுவே முதன்முறை என்பர். வகுப்பில் அதனைக் காட்டியபோது, இஃது எதற்கு என்று மாணாக்கர் வினவினர். விளையாடுதற்கு என்றார். விளையாடினாற் கூலி கிடைக்குமா என்றனர். கிடையாது என்றார். அங்ஙனமாயின் விளையாடோம் என்றனர். இதனால் அவரைப் பேராசைக்காரர் என்று கொள்ளுதல் பொருந்தாது. வேலை வேறு, விளையாட்டு வேறு என்ற பிரிவே அவர்கள் அறியாதது. களைக்குமாறு ஓடுவது கூலிக்குச் செய்யும் தொழிலாகவே அவர்க்குத் தோன்றிற்று. பின்னர், பந்து எதனாற் செய்யப்பட்டது என்று கேட்டு, தோல் என்று அறிந்தவுடன், அதனை அப்பாற் கொண்டுபோகுமாறு கூவினர்.

தலைமையாசிரியர் மனந்தளரவில்லை. கரும்பலகையில் மைதானத்தின் வரைபடம் எழுதி, இன்னின்னார் இன்னின்ன இடத்தில் நிற்கவேண்டும் என்று விளக்கினார். மாலையில் ஆசிரியர்கள் கைக்கோலுடன் வாயிலில் நின்றனர். மாணாக்கர் ஆட்டுமந்தை போலத் தெருவழியே மைதானத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். செய்தி பரவி நகரத்தார் கூட்டமாய்த் திரண்டனர். அணிகள் நிறுத்தப்பட்டன. ஊதுகுழல் ஒலித்தது. நடுவில் நின்றவன் உதைத்திலன். சூழநின்ற பெரியோரை நோக்கினான், பந்தை நோக்கினான், அசையவில்லை. மீண்டும் ஆணை பிறந்தது. மீண்டும் அவன் அசைந்திலன். ஐந்து நிமிடம் தவணை கொடுத்து, அதற்குள் ஆட்டம் தொடங்காவிடின் நிகழ்வது இன்னது என்று பிஸ்கோ அறிவித்தார். தவணை முடிந்தது. கைக்கோல்கள் முன்னேறின. அந்நிலையிற் பந்து உதைக்கப்பட்டது.

உதைக்கப்பட்ட பின் நிகழ்ந்ததுதான் விந்தை. மரக்கட்டை மிதியடிகளும் தலைப்பாகைகளும் பறக்க, நீண்ட அங்கிகள் கால்களைத் தட்ட, எல்லோரும் பந்தைத் துரத்தினர். சற்று நேரத்தில் ஒருவன் முகத்திற் பந்து பட்டது. ஆட்டம் நின்றது. தோல் முகத்தைத் தீண்டிவிட்டது, அவன் அழுதான், உடன் நின்றார் திகைத்தனர். அவனை அருகிலிருந்த வாய்க்காலுக்கு அழைத்துச் சென்று கழுவுமாறு பிஸ்கோ கூறினார். கழுவினர். கழுவிய பின் திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்து ஆடினர்.

சிறீநகர்ப் பாடசாலையின் உதைபந்தாட்டப் பருவம் இங்ஙனம் தொடங்கிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் நீச்சலும் படகோட்டமும் சேர்ந்தன; குறித்த வயதுக்குள் நீந்தக் கல்லாதவர்க்குப் பாடசாலைக் கட்டணம் உயர்த்தப்பட்டது. தீப்பற்றிய வீடுகளில் நீரிறைத்தும், வெள்ளத்தில் அகப்பட்டோரைப் படகேற்றியும், கொள்ளைநோய்க் காலத்துத் தெருக்களைத் துப்புரவு செய்தும் அம்மாணாக்கர் பணியாற்றினர். பிஸ்கோ 1947 வரை காஷ்மீரத்தில் இருந்து, 1949 இல் ஆபிரிக்காவில் இறந்தார். அவர் பெயர் தாங்கிய பாடசாலை சிறீநகரில் இன்றும் நடைபெறுகின்றது. 2018 இற் காஷ்மீரத்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்று இந்தியாவின் ஐ லீக் போட்டியில் ஆடும் தகுதி பெற்றது. கைக்கோலின் முன் உதைக்கப்பட்ட பந்து நெடுந்தூரம் உருண்டது என்பதை மறுத்தற்கில்லை.

ஆயினும், இவ்வரலாற்றைச் சொன்னவர் யார் என்பது ஆராயத்தக்கது. சொன்னவர் பிஸ்கோவே. 1920 இல் வெளிவந்த தம் நூலிலும், அவர் மறைவின் பின் 1951 இல் வெளியான தன்வரலாற்றிலும் அவரே இதனை எழுதினார். இங்கிலாந்தில் மிஷனுக்குப் பொருளுதவும் வாசகர் நகைத்து மகிழுமாறு எழுதப்பட்டவை அப்பகுதிகள். மாணாக்கரை எலும்பில்லாத உயிர்களாகவும் அழுக்கு மூட்டைகளாகவும் சித்திரிக்கும் அவ்வெழுத்தில் ஏளனம் மிகுதி. முதல் உதைக்கு மறுத்து நின்றவன் பெயர் யாது, அவன் அன்றிரவு வீட்டில் என்ன விடை கூறினான், முகம் கழுவப்பட்டவனை அவன் தாய் எவ்வாறு ஏற்றாள் என்பன அந்நூல்களில் அவர்கள் வாய்மொழியாக இல்லை. கைக்கோல் பிடித்த ஆசிரியருட் பலரும் அம்மாணாக்கரின் குலத்தவரே. அவர்களும் தம் தலைவரின் ஆணைக்கும் தம் குலத்தின் ஆசாரத்துக்கும் இடையே நின்றவர்கள். வெற்றி பெற்றவர் எழுதிய போர்க்குறிப்பை மாத்திரம் வைத்துப் போரை அறிய முயல்வது போன்றது இது. வரலாற்றறிஞர் மங்கன் 1986 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிரித்தானியப் பேரரசு தன் பாடசாலை விளையாட்டுக்களை ஒழுக்கம் பரப்பும் கருவியாகக் கொண்டமைக்குப் பிஸ்கோவைச் சிறந்த எடுத்துக்காட்டாகக் காட்டினார். கருவி என்பது சரியே. அக்கருவியாற் செதுக்கப்பட்டவர் நிலையிலிருந்தும் அதனை எழுதவேண்டும்.

தோலைத் தீண்டாமை பற்றிய ஆசாரமும் பிஸ்கோ கருதிய அளவு எளிதன்று. யாழ்ப்பாணத்து ஆலயங்களில் தவில் முழங்காத திருவிழா இல்லை. அளவெட்டியும் இணுவிலும் தவிற்கலைஞரால் உலகப் புகழ் பெற்ற ஊர்கள்; 1975 இல் மறைந்த தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்கத் தமிழகத்தாரும் காத்திருந்தனர். தவில் தோலாற் போர்த்தது; மிருதங்கமும் அத்தகையதே. சுவாமி எழுந்தருளும்போது முன்செல்வது தோல். அதே ஆலயத்தின் வாயிலுக்கு வெளியே கழற்றி வைக்கப்படுவதும் தோல். ஆகவே, தோல் என்பதனால் மாத்திரம் தீட்டு உண்டாவதில்லை; அது யார் கையில், எவ்விடத்தில், எப்பணிக்கு உள்ளது என்பதைப் பொறுத்தே ஆசாரம் அமைகின்றது. காஷ்மீரத்துச் சிறுவன் அஞ்சியது விலங்கின் தோலை மாத்திரமன்று. அத்தோலைப் பதனிட்டவன் கையையும், அவன் குலத்தையும், தன்னைப் பார்த்து நிற்கும் தன் குலத்தாரின் கண்ணையுமே அஞ்சினான்.

இவ்விடத்திலே குடாநாட்டின் வரலாறு நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தார் தோற்பந்துக்கு அஞ்சவில்லை; ஆயின், வாங்கிலுக்கு அஞ்சினர். 1929, 1930 ஆம் ஆண்டுகளில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாக் குலத்து மாணாக்கரும் சமமாய் அமரவேண்டும் என்ற விதி வந்தபோது பெருங்கிளர்ச்சி உண்டாயிற்று. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1924 இல் மாணவர் காங்கிரசாய்த் தோன்றிப் பின் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தார் சமபந்திப் போசனத்தையும் சம ஆசனத்தையும் ஆதரித்தனர். 1927 இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றவரும் அவர்களே. பந்து வந்தபோது எழாத பூசல் பந்தியாலும் வாங்கிலாலும் எழுந்தமை ஏன்? பந்து உதைத்தவுடன் அகன்றுவிடுகின்றது, வாங்கில் அகல்வதில்லை. அஃதன்றியும், எவன் மைதானத்துக்கு வரலாம் என்பதைப் பாடசாலை வாயிலே முன்னர்த் தீர்மானித்துவிட்டது. வாயில் அகலத் திறந்தபோதே மைதானமும் உண்மையில் திறந்தது. ஒரே பந்து பல குலத்தார் காலிலும் நெற்றியிலும் மாறிமாறிப் படும் காட்சி, எந்தப் பயிற்றாசிரியராலும் நிகழ்ந்ததன்று. கல்வியுரிமைக்குப் போராடியோரால் நிகழ்ந்தது.

கைக்கோல் இன்றி ஆட்டம் கற்பித்தல் இயலுமா என்ற வினாவுக்கு, சிறீநகர் நிகழ்ச்சி நடந்த அதே 1891 ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்திருந்தது. அமெரிக்காவில் ஸ்பிறிங்பீல்ட் நகரத்து வாலிபர் கிறித்தவ சங்கப் பயிற்சிப் பாடசாலையில் அடங்காத வகுப்பு ஒன்று இருந்தது. பதினெண்மர் கொண்டது, குளிர்காலத்து உள்ளறைத் தேகப்பயிற்சியில் வெறுப்புற்றது, இரண்டு ஆசிரியர்களைத் தோல்வியுறச் செய்தது. மூன்றாவதாக அனுப்பப்பட்டவர் கனடா நாட்டவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித். புதிய ஆட்டம் ஒன்றை வகுக்குமாறு அவர்க்கு இரண்டு வாரத் தவணை அளிக்கப்பட்டது. அவர் வகுப்பை மாற்ற முயலாது ஆட்டத்தை மாற்றினார். பழக்கூடைகள் இரண்டை மேன்மாடத்தில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். டிசம்பர் மாதத்தில் ஆடப்பட்ட முதலாட்டத்தில் ஒருமுறையே பந்து கூடையுள் வீழ்ந்தது. ஆயினும் ஆட்டம் முடிந்தும் மாணாக்கர் மனைபோக மனமில்லாதிருந்தனர். கூடைப்பந்தாட்டம் பிறந்த வரலாறு இது. பிஸ்கோவின் வகுப்பும் நெய்ஸ்மித்தின் வகுப்பும் ஒன்றல்ல என்பது உண்மையே; பின்னையதிற் குலமும் ஆசாரமும் குறுக்கிடவில்லை. எனினும், மறுக்கும் மாணாக்கனைக் கண்டு ஒருவர் கோலை எடுத்தார், ஒருவர் விதியை எழுதினார் என்ற வேறுபாடு கருதத்தக்கது.

ஸ்பிறிங்பீல்டிற் பயின்ற ஹரி குறோ பக் என்னும் அமெரிக்கர் 1919 இற் சென்னைக்கு வந்து, 1920 இல் அங்கு உடற்பயிற்சி ஆசிரியர்க்கான பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் வாலிபர் கிறித்தவ சங்க உடற்கல்விக் கல்லூரியாய் வளர்ந்தது. 1924 இற் பாரிசு ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. 1943 இற் சென்னையிற் காலமானார். அக்கல்லூரிக்கு இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் சென்று பயின்றனர். வகுப்பாசிரியர் ஒருவர் மாலையில் ஊதுகுழலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானம் சென்ற காலம் மாறி, உடலின் இயல்பும் ஆட்டத்தின் நுட்பமும் கற்ற ஆசிரியர் பாடசாலைகளில் தோன்றியது இதன் பயன். கூடைப்பந்தும் கரப்பந்தும் தென்னாட்டில் வேரூன்றியதும் இச்சங்கத்தாரின் முயற்சியாலேயே. குடாநாட்டில் வாசிகசாலை உள்ள ஊரெல்லாம் அதன் அருகிற் கரப்பந்தாட்ட வலை ஒன்றும் கட்டப்பட்டிருந்தது என்றால் அது மிகையாகாது.

ஆசிரியத் தொழிலும் ஆட்டப் பயிற்றுகையும் ஒருவரிடத்தே முழுமையாய்ப் பொருந்தியமைக்கு ஐதராபாத்துச் சையது அப்துல் றகீமை எடுத்துக்காட்டலாம். 1909 இற் பிறந்தவர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். பாடசாலைகள் பலவற்றிற் கற்பித்தவர். பின்னர் உடற்கல்வியிலும் தகுதிச் சான்று பெற்றவர். 1950 ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்து நகரப் பொலிஸ் அணியைப் பயிற்றினார். அவ்வாண்டு தொடக்கம் 1954 வரை அவ்வணி பம்பாய் றோவர்ஸ் கிண்ணத்தை ஐந்து முறை தொடர்ந்து வென்றது. இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951 மார்ச்சிற் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் வென்று, இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்றது அவ்வணி. 1952 இற் கொழும்பில் நடந்த முதலாவது நாற்கோணப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. பர்மாவும் இலங்கையும் ஏனைய இரு நாடுகள்.

அவ்வாண்டு ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசிலாவியா இந்தியாவைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. 1948 இல் இலண்டனில் இந்தியர் பெரும்பாலார் வெறுங்காலோடு ஆடிப் பிரான்சிடம் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மாத்திரமே தோற்றனர். அன்று சாரங்கபாணி இராமன் ஒரு கோல் அடித்தார். தண்ட உதைகள் இரண்டு வீணாயின. வெறுங்காலின் பெருமை அதனாற் பெரிதும் பேசப்பட்டது. ஹெல்சிங்கியின் குளிரும் ஈரப்புற்றரையும் அப்பெருமையை முடித்தன. அதன்பின் இந்தியாவிற் சப்பாத்து அணிந்தே ஆடவேண்டும் என்று விதிக்கப்பட்டது. காஷ்மீரத்துச் சிறுவன் காலாற் பந்தைத் தீண்ட மறுத்த நாளிலிருந்து, ஆட்டக்காரன் காலையே தோலுக்குள் நுழைத்துக்கொண்ட நாள்வரை அறுபது ஆண்டுகள்.

தோல்விக்குப் பின் றகீம் செய்தவை ஆசிரியர் செய்பவை. மாணாக்கனின் குறை எதுவென்று கண்டு, அக்குறைக்கேற்ற பயிற்சியை அமைத்தார். பந்தைத் தன்னிடமே வைத்துத் தனியே கொண்டோடுவது உள்ளூர் ஆட்டக்காரரின் பழக்கம். ஆகவே, பந்தை உருட்டிக் கொண்டுசெல்லாது வந்தவுடன் மற்றவனுக்கு அளிக்கவேண்டும் என்ற விதியுடைய சிறு போட்டிகளை நடாத்தினார். ஒரு காலாலேயே உதைக்கும் பழக்கத்தை மாற்ற, வலிமை குறைந்த காலால் மாத்திரம் உதைக்கும் போட்டிகளையும் வைத்தார். நெய்ஸ்மித் செய்தது போலவே, ஆளைக் கடியாது விதியை மாற்றிய வழி இது. ஏவலுக்கு அஞ்சிச் செய்த பயிற்சி ஏவல் நீங்கியவுடன் மறையும். விதிக்குட்பட்டுத் தானே கண்டறிந்த நுட்பம் காலிற் பதிந்துவிடும். 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா, நெவில் டி சூசா மூன்று கோல் அடிக்க, அவுஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டாக வென்று அரையிறுதியை அடைந்தது. யூகோசிலாவியாவிடம் மீண்டும் தோற்றது, ஆயின் இம்முறை நாலுக்கு ஒன்று.

1962 இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவே அவர் கடைசிப் பருவம். அந்நாளில் அவரைப் புற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்தது. முதலாட்டத்திற் கொரியாவிடம் இரண்டு கோல்களால் தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் ஜர்னயில் சிங்கின் தலை பிளந்து தையல் இடப்பட்டது. ஜப்பானையும் தென் வியட்நாமையும் வென்று இறுதியை அடைந்தபோது எதிரில் நின்றது மீண்டும் கொரியா. இஸ்ரேலரும் தைவானியரும் அவ்விழாவுக்கு அழைக்கப்படாமையை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்தமையால் ஜகார்த்தா மக்கள் சினங்கொண்டிருந்தனர்; நூறாயிரம்பேர் நிறைந்த அரங்கு இந்தியர்க்கு எதிராய் முழங்கிற்று. முதல்நாள் இரவு றகீம் தம் வீரரை அழைத்துத் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டதாகவும், அது பொற்பதக்கம் என்று கூறியதாகவும் அவ்வணியினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். ஆணையிடக்கூடியவர் வேண்டுகோள் விடுத்தார். தமிழ்க்குடியிற் பிறந்த தங்கராஜ் கோலைக் காத்தார். தமிழ்ப் பெற்றோரின் மைந்தர் பலராமன் முன்னணியில் நின்றார். தையலிட்ட தலையோடு ஜர்னயில் சிங் காவல் நிலையை விட்டு முன்னணிக்கு வந்தார். பானர்ஜி ஒரு கோலும் ஜர்னயில் ஒரு கோலும் அடித்தனர். இறுதியிற் கொரியர் ஒன்று திருப்பினர். இரண்டுக்கு ஒன்று. றகீம் 1963 ஜூனில் மறைந்தார். அதன்பின் ஆசிய விழாவில் உதைபந்தாட்டப் பொற்பதக்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை.

குடாநாட்டுப் பாடசாலைகளின் பிற்கால உதைபந்தாட்டம் போரோடு பின்னிய கதை. 1975 இற் கொலையுண்ட நகரபிதா அல்பிரட் துரையப்பாவின் பெயர் தாங்கிய யாழ்ப்பாண விளையாட்டரங்கு போரினாற் சிதைந்தது. 1999 இல் அதனைத் திருத்த முற்பட்டபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புகள் வெளிப்பட்டன. இந்திய அரசின் உதவியாற் புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூன் 18 இல் மீளத் திறக்கப்பட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் தன் நிலத்தை விட்டகன்றது. மைதானம் இழந்த பாடசாலையில், இரவல் வெளியொன்றிற் கம்பம் நட்டு மாணாக்கரைக் கூட்டிய ஆசிரியர்களின் பணி, வெற்றிக் கிண்ணங்களின் பட்டியலில் இடம்பெறாதது. பாடசாலை தன் இடத்துக்கு மீண்டபின், இந்நூற்றாண்டில், அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டப் போட்டிகளில் அக்கல்லூரிக்கு முதலிடம் தேடித் தந்தவர்கள் மாணவியர். கந்துகவரியிற் கையாற் பந்தடித்த மகளிரின் வழிவந்தோர் அதனைக் காலால் உதைத்தனர். முதல் உதையைக் காணச் சூழ நின்ற ஊரவர் கண்கள் அவர்களுக்கும் இருந்தன. கோல் பிடித்து நின்றவர் எவருமிலர்.